தானாக ஓடி தானாக நிற்கும் எக்ஸாஸ்ட் ஃபேன்: தெர்மோஸ்டாட் வயரிங், அடிப்படையிலிருந்து

மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் கோடைக்காலத்தில் படுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்து வெளியே காற்று வர ஆரம்பித்த பிறகும் உள்ளே புழுக்கம் இறங்காது. பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் தளம், வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரை கீழே விட்டுக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேன் போட்டால் அதே சூட்டுக் காற்றைத்தான் தலையில் கொட்டும். இப்படிப்பட்ட அறைக்கு, சுவரின் மேல்பகுதியில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிடுவதுதான் செலவு குறைந்த வழி. மேலே தேங்கிய சூடு வெளியே போகும், அந்த இடத்துக்கு ஜன்னல் வழியாக வெளிக்காற்று வரும்.

சரி, ஃபேன் வைத்தாயிற்று. அதை யார் நிறுத்துவது? அறை ஆறிய பிறகும் விடியும்வரை இரைந்துகொண்டே இருக்கும். இதற்காகத்தான் பலர் தெர்மோஸ்டாட்டைத் தேடிப் போகிறார்கள். சில நூறு ரூபாயில் டிஜிட்டல் கருவி ஒன்று வந்துவிடுகிறது. பெட்டியைப் பிரித்தால் பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ, கூடவே புரியாத ஒரு படம். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். மீதிப் பேர் ஏதோ ஒரு மாதிரி வயரைக் கொடுத்துவிட்டு, "லைட் எரியுது, நம்பர் காட்டுது, ஃபேன் மட்டும் ஓடலையே" என்பார்கள்.

ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும். தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச். நம் விரல் அமுக்குவதற்குப் பதிலாகச் சூடு அமுக்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அது கரண்ட் கொடுக்காது, ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்காது. வழியைத் திறக்கும், மூடும்.

ஆகவே சாதாரண சுவிட்ச்சிலிருந்தே தொடங்குவோம்.

சுவரில் இருக்கும் சுவிட்ச்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. கரண்ட். அதற்கு மூன்று வயர். ஃபேஸ் வழியாகக் கரண்ட் வருகிறது. ஃபேனுக்குள் போய் மோட்டாரைச் சுற்றிவிட்டு நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. மூன்றாவதான எர்த் வயரில் சாதாரண நேரத்தில் எதுவும் ஓடாது. ஃபேஸ் வயர் தப்பித்தவறி ஃபேனின் இரும்பு உடம்பில் பட்டுவிட்டால், அதைத் தரைக்கு இழுத்து, மெயின் போர்டிலுள்ள காப்புச் சுவிட்ச்சுகளான எம்.சி.பி.யையோ ஆர்.சி.சி.பி.யையோ டிரிப் ஆக்குவதற்காக (தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்த வைப்பதற்காக) அது இருக்கிறது. முழுக்கப் பிளாஸ்டிக் உடம்புள்ள சிறிய எக்ஸாஸ்ட் ஃபேன்களில் சிலவற்றுக்கு இரண்டே வயர்தான் இருக்கும், பரவாயில்லை. இரும்பு ஃபிரேம் உள்ளதற்கு எர்த் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

சுவிட்ச் எந்த வயரில் உட்கார வேண்டும்? ஃபேஸில். நியூட்ரல் எங்கேயும் நிற்காமல் நேராக ஃபேனுக்குப் போக வேண்டும். சுவிட்ச்சை நியூட்ரலில் வைத்தாலும் ஃபேன் ஓடும், நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் சுவிட்ச்சை ஆஃப் செய்த பிறகும் ஃபேனுக்குள் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். இறக்கையைத் துடைக்க ஸ்டூல் போட்டு ஏறுபவர், ஆஃப் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஈரத்துணியோடு கை வைப்பார். பழைய வீடுகளில் இந்தக் குளறுபடி நிறைய. ஆஃப் செய்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தால் சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. (சுவிட்ச்சிலேயே சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி எரியும். அதில் பயமில்லை.)

தெர்மோஸ்டாட்டுக்கும் இதே விதிதான். அதுவும் சுவிட்ச் என்பதால் அதுவும் ஃபேஸ் வயரில்தான் உட்கார வேண்டும்.

நிறங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். நம் ஊர் வீட்டு வயரிங்கில் ஒற்றை ஃபேஸ் என்றால் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது நெடுநாள் பழக்கம். மூன்று ஃபேஸ் வரும் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். ஆனால் கடையில் வாங்கும் சாதனங்களோடு வரும் மெல்லிய கார்டில் பழுப்பு ஃபேஸ், இளநீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு எர்த். கவனியுங்கள்: சுவருக்குள் நீலம் ஃபேஸாக இருக்கலாம், ஃபேனிலிருந்து வரும் நீலமோ நியூட்ரல். நீலத்தோடு நீலம் சேர்த்தால் முடிந்தது. அதோடு, கைக்குக் கிடைத்த வயரை வைத்து வேலையை முடித்துப் போன எலக்ட்ரீஷியன்களும் உண்டு. நிறம் ஒரு துப்பு மட்டும்தான், டெஸ்ட் செய்து பார்ப்பதுதான் தீர்ப்பு.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துக் கற்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே கறுப்பு வயர்தான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நம் ஊர் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். மேலும் அங்கே சுவர் தெர்மோஸ்டாட் என்று காட்டுவது பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடும் வேறு ஏற்பாடு. வீடு முழுவதற்குமான ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் உத்தரவு கொடுப்பதற்காக மெல்லிய வயர்கள் போகும், ஆர், ஜி, ஒய், டபிள்யூ, சி என்று எழுத்துகள் இருக்கும். அந்தக் கருவியை வாங்கி நம் 230 வோல்ட்டில் மாட்டினால் புகைதான் வரும்.

சூடு அமுக்கும் சுவிட்ச்

தெர்மோஸ்டாட் புதுப் பொருள் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் அறைக்கான மின் தெர்மோஸ்டாட்டுக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். நம் வீட்டிலும் அது ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது. அயர்ன் பாக்ஸில், கீசரில், ஃபிரிட்ஜில். அயர்ன் பாக்ஸைச் சூடேற விட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் "டக்" என்று ஒரு சத்தம், விளக்கு அணையும். ஆறியதும் மறுபடி "டக்". உள்ளே இரண்டு வேறு உலோகங்களை முதுகோடு முதுகு ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது. சூட்டில் ஒரு உலோகம் அதிகம் நீளும், இன்னொன்று குறைவாக நீளும். இரண்டும் ஒட்டியிருப்பதால் தகடு வளைகிறது. வளையும்போது கான்டாக்ட் விலகுகிறது. இதைத்தான் பள்ளிப் புத்தகத்தில் ஈருலோகப் பட்டை என்று படித்திருப்போம்.

இங்கே ஒரு முக்கியமான திருப்பம். அயர்ன் பாக்ஸில் சூடு ஏறினால் கரண்ட் நிற்க வேண்டும். கீசரிலும் அப்படியே. நம் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ சூடு ஏறினால் கரண்ட் போக வேண்டும். இரண்டும் எதிரெதிர் திசை. பழைய கீசரிலிருந்து கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஃபேனுக்குப் போட்டால், அறை குளிர்ந்திருக்கும்போது ஃபேன் ஓடி, சூடாகும்போது நின்றுவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கே.எஸ்.டி. 301 என்ற பொத்தான் அளவு சுவிட்ச் மலிவாகக் கிடைக்கும். அதில் எந்த டிகிரியில் வேலை செய்யும் என்று முதுகில் அச்சிட்டிருக்கும், மாற்ற முடியாது. அதிலும் இரண்டு வகை உண்டு. சாதாரணமாக மூடியிருந்து சூட்டில் திறப்பது ஒன்று, சாதாரணமாகத் திறந்திருந்து சூட்டில் மூடுவது இன்னொன்று. ஃபேனுக்கு வேண்டியது இரண்டாவது வகை. கடையில் "நார்மலி ஓப்பன்" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

டிஜிட்டல் கருவியில் தகடு இல்லை. சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் சின்ன மணி ஒன்று, வயரின் நுனியில் சீல் செய்து இருக்கும். அதுதான் சென்சார். உள்ளே இருக்கும் சிப் அந்தத் தடையைப் படித்து டிகிரியாக மாற்றி, நாம் வைத்த அளவோடு ஒப்பிட்டு, ஒரு ரிலேயை இழுக்கிறது. ரிலே என்பதும் சுவிட்ச்தான், காந்தம் இழுக்கும் சுவிட்ச். ஆக எவ்வளவு நவீனக் கருவியாக இருந்தாலும் கடைசியில் நடப்பது ஒரு "டக்".

எட்டு ஸ்க்ரூ

எஸ்.டி.சி. 1000 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். பல கம்பெனிப் பெயர்களில் ஒரே உருவத்தில் வருவதால் அதுதான் பலர் கைக்குக் கிடைக்கிறது. வாங்கும்போதே லேபிளைப் படியுங்கள். அதே முகம், அதே பெட்டியில் 12 வோல்ட், 24 வோல்ட், 110 வோல்ட் வகைகளும் விற்கிறார்கள். நமக்கு 220 வோல்ட் என்று எழுதியதுதான் வேண்டும்.

பின்பக்கம் எட்டு ஸ்க்ரூ. இரண்டிரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். 1, 2 கருவி உயிரோடு இருக்கத் தேவையான கரண்ட், ஒன்றில் ஃபேஸ், மற்றதில் நியூட்ரல். 3, 4 சென்சார், எந்தக் காலை எதில் கொடுத்தாலும் சரிதான். 5, 6 ஹீட்டருக்கான ரிலே. 7, 8 குளிர்விப்பதற்கான ரிலே. நமக்கு 5, 6 தேவையில்லை, காலியாக விடலாம். ஃபேனுக்கு 7, 8.

இங்கேதான் "ஃபேன் ஓடலையே" என்ற புலம்பல் பிறக்கிறது. 7, 8 இரண்டிலும் ஃபேனின் இரண்டு வயரையும் கொடுத்துவிடுகிறார்கள். 1, 2இல் கரண்ட் கொடுத்திருக்கிறோமே, 7, 8 வழியாக அது வெளியே வரும் என்று நினைப்பது இயல்புதான். வராது. 7, 8 என்பவை சுவிட்ச்சின் இரண்டு கால்கள் மட்டுமே. அவற்றுக்குள் சொந்தமாக ஒரு வோல்ட்கூடக் கிடையாது. சுவரிலிருக்கும் சுவிட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அதன் இரண்டு காலில் ஃபேனை மாட்டினால் ஓடுமா? அதே கதைதான்.

எனவே ஃபேஸ் வயரை 1க்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே ஒரு துண்டு வயரை 7க்கு இழுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் இதை லூப் அடிப்பது என்பார்கள். 8இலிருந்து ஃபேனின் ஃபேஸ் முனைக்கு ஒரு வயர். ஃபேனின் இன்னொரு முனைக்கு நியூட்ரல் நேராக. அதே நியூட்ரலிலிருந்து 2க்கு ஒரு கிளை. முடிந்தது. விரலால் தொடர்ந்து பாருங்கள்: மெயின், எம்.சி.பி., சுவரிலுள்ள பழைய சுவிட்ச், கருவியின் 7, ரிலே, 8, ஃபேன், நியூட்ரல். இந்த வழியில் எங்கே வெட்டினாலும் ஃபேன் நிற்கும்.

சுவரிலுள்ள பழைய சுவிட்ச்சைக் கழற்றிவிடாதீர்கள். அது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் அப்படியே இருக்கட்டும். முழுவதையும் சாகடிக்க ஓர் இடம் வேண்டும்.

கருவியின் பெட்டி 71க்கு 29 மில்லிமீட்டர் ஓட்டையில் பொருத்தும் மாதிரி செய்தது. பின்பக்க ஸ்க்ரூக்கள் வெளியே தெரியும். ஆகவே சுவரில் அப்படியே தொங்கவிடக் கூடாது, மூடியுள்ள பிளாஸ்டிக் பாக்ஸ் ஒன்றுக்குள் வைத்து முகத்தை மட்டும் வெளியே காட்ட வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

எத்தனை ஆம்பியர் தாங்கும்? ரிலேயில் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 50 வாட் எக்ஸாஸ்ட் ஃபேன் 230 வோல்ட்டில் எடுப்பது கால் ஆம்பியருக்குப் பக்கம்தான். மோட்டார் கிளம்பும் நொடியில் அதைவிடச் சில மடங்கு எடுக்கும், அதுவும் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இதே கருவியில் 2000 வாட் ஹீட்டரை நேரடியாக மாட்டினால் ஏறக்குறைய 9 ஆம்பியர். மலிவான ரிலேயை விளிம்புவரை ஓட்டுவது சரியில்லை, நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய கரண்ட்டைத் தாங்கும் ரிலே வேண்டும். வயர் அளவுக்கு, ஃபேன் பாயிண்ட்டுக்கு வழக்கமாகப் போடும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயரே தாராளம்.

எத்தனை டிகிரியில் வைப்பது

கருவியில் எஃப்-1 என்பது நாம் வேண்டும் டிகிரி. எஃப்-2 என்பது இடைவெளி. எஃப்-1இல் 32, எஃப்-2இல் 2 என்று வைத்தால், அறை 34 ஆனதும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும், 32க்கு இறங்கியதும் நிற்கும். அந்த இரண்டு டிகிரி இடைவெளி இல்லாவிட்டால் என்ன ஆகும்? 32.1இல் ஓடும், 31.9இல் நிற்கும், மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க "டக் டக்" என்று தூக்கமும் போகும், ரிலேயின் கான்டாக்ட்டும் கருகும். அதனால் இடைவெளியை 0.5 போல இறுக்கி வைக்க வேண்டாம். இரண்டு டிகிரி நல்ல அளவு.

எஃப்-3 பலரைக் குழப்பும். அது தாமத நேரம், நிமிடக் கணக்கில். இந்தக் கருவியை முதலில் செய்தது ஃபிரிட்ஜ், மீன்தொட்டி போன்றவற்றுக்காக. கம்ப்ரஸர் நின்ற உடனே மறுபடி கிளம்பினால் கெட்டுவிடும் என்பதால் காத்திருக்க வைக்கிறார்கள். கடையிலிருந்து வரும்போது அது 3 நிமிடம் என்று இருக்கும். அறை 36 டிகிரியில் கொதிக்கும், சுவிட்ச் போட்டால் ஃபேன் ஓடாது, முகத்தில் "கூல்" விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். வயரிங் தப்பு என்று எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பிக்காதீர்கள், காத்திருங்கள். ஃபேனுக்கு இந்தத் தாமதம் தேவையில்லை என்பதால் மிகக் குறைந்த அளவான 1க்கு மாற்றிவிடலாம். மாற்றிய பிறகு பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினால்தான் சேமிக்கும், இல்லாவிட்டால் பழைய எண்ணே வந்து நிற்கும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி வெற்றி. தளத்தை ஒட்டி வைத்தால் கான்கிரீட்டின் சூட்டைக் காட்டும், ஃபேன் ஓயவே ஓயாது. ஜன்னல் ஓரம் வைத்தால் வெளிக்காற்று பட்டுச் சீக்கிரம் நின்றுவிடும். மேற்குச் சுவரில் வைத்தால் சுவர் சூடு. உள்சுவர் ஒன்றில், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், வெயிலும் ஃபேனின் காற்றும் நேரடியாகப் படாத இடம் பாருங்கள். சென்சார் வயரையும் 230 வோல்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுக்க வேண்டாம். சென்சார் வயர்தானே, ஷாக் அடிக்காது என்று தோலை உரித்துத் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். மலிவான சில கருவிகளில் அதுவும் உள்ளே மெயினோடு தொடர்பில் இருக்கும்.

வெயிலில் அது முட்டாள்தனமாக ஓடும்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணி. அறைக்குள் 36, வெளியே 39. தெர்மோஸ்டாட்டுக்கு வெளியே என்னவென்று தெரியாது. 34ஐத் தாண்டிவிட்டது, ஓட வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஓடி, 36 டிகிரிக் காற்றை வெளியே தள்ளி 39 டிகிரிக் காற்றை உள்ளே இழுக்கும். கடமை தவறாத வேலைக்காரன்தான், ஆனால் வேலை நமக்கு எதிராக நடக்கிறது.

இதற்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு சென்சார் வைத்து வித்தியாசம் பார்க்கும் கருவிகள் உண்டு. விலை கூடுதல். அதைவிட எளிய வழி, ஒரு டைமரைச் சேர்ப்பது. சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை மட்டும் வழி திறக்கும் டைமரைத் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் ஃபேஸ் வயரில் வைத்துவிட்டால் போதும். இப்போது இரண்டு சுவிட்ச் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. டைமரும் சரி என்று சொல்ல வேண்டும், தெர்மோஸ்டாட்டும் சரி என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் ஃபேன் ஓடும். இதுதான் பள்ளியில் படித்த தொடரிணைப்பு.

மாறாக, வீட்டில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள், டிகிரி எவ்வளவாக இருந்தாலும் ஃபேன் உடனே ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு சாதாரண சுவிட்ச்சை 7க்கும் 8க்கும் குறுக்கே போட வேண்டும். ஒரு காலில் 7இன் வயர், மறு காலில் 8இன் வயர். இப்போது தெர்மோஸ்டாட் மூடினாலும் ஓடும், கைச் சுவிட்ச் போட்டாலும் ஓடும், ஏதாவது ஒன்று போதும். இது பக்க இணைப்பு. டைமரையும் தாண்டி ஓட வேண்டும் என்றால் சுவிட்ச்சின் முதல் கால் டைமருக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும். இந்த இரண்டு இணைப்பும் புரிந்துவிட்டால், தானியங்கி ஏற்பாடுகளில் பாதியை நீங்களே தாளில் வரைந்துவிடலாம்.

டைமரும் வேண்டாம், தொல்லை என்றால், மதியம் சுவரிலுள்ள சுவிட்ச்சை ஆஃப் செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும்.

உள்ளே வர வழி இல்லாமல் வெளியே போகவும் முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் சத்தம்தான் மிச்சம். 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி உள்ள அறையில் ஏறக்குறைய 34 கன மீட்டர் காற்று இருக்கிறது. ஃபேன் பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டர் என்று போட்டிருந்தால், ஜன்னல் திறந்திருக்கும்போது மணிக்கு ஏழு தடவை அறைக் காற்று மாறும் என்று கணக்கு.

சமையலறைக்கு வேண்டாம்

தெர்மோஸ்டாட் நன்றாக வேலை செய்வதைப் பார்த்ததும் சமையலறை எக்ஸாஸ்டுக்கும் ஒன்று போடலாமே என்று தோன்றும். போட வேண்டாம். சமையலறையில் நமக்குத் தேவை தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் போவது. அதற்கு டிகிரியோடு சம்பந்தமில்லை. அதைவிடப் பெரிய காரணம் காஸ். சிலிண்டர் கசிந்தால் எந்த சுவிட்ச்சையும் தொடாதே, கதவு ஜன்னலைத் திற என்று சொல்லியிருக்கிறார்கள். சுவிட்ச் போடும்போது உள்ளே தெறிக்கும் சின்னப் பொறி போதும் பற்றிக்கொள்ள. நாம் கவனமாகக் கை வைக்காமல் இருப்போம், தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது. 34 ஆனதும் "டக்" என்று ரிலேயைப் போடும்.

இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கும் அலமாரிக்குச் சின்ன ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். ஆகவே அலமாரிக்குள் சென்சார் மட்டும் இருக்கட்டும், ரிலே உள்ள கருவியை வெளியே மாட்டுங்கள். குளியலறைக்குப் பிரச்சினை ஈரம்தான், சூடு இல்லை. அங்கே குளித்து முடித்த பிறகு பத்து நிமிடம் ஓடும் டைமர்தான் பொருத்தம்.

கை வைக்கும் முன்

நம் வீடுகளில் மெயினை ஆஃப் செய்தால் கரண்ட் போய்விடும் என்று நம்ப முடியாது. காரணம் இன்வெர்ட்டர். மெயினை இறக்கிய அடுத்த நொடி, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் 230 வோல்ட்டை அனுப்ப ஆரம்பிக்கும். எந்த பாயிண்ட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அதுவே பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனாக இருக்கும். மெயினையும் இறக்கி, இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, அப்புறம் டெஸ்ட் செய்து பார்த்துத்தான் தொட வேண்டும்.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை முழுதாக நம்பாதீர்கள். பக்கத்து வயரின் தூண்டலில் சும்மாவே லேசாக எரியும், சில நேரம் எரிய வேண்டிய இடத்தில் எரியாது. முதலில் கரண்ட் இருப்பதாகத் தெரிந்த ஒரு பாயிண்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு இங்கே பாருங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் சில வோல்ட்டுகள் மட்டும் காட்ட வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஒன்றுமே காட்டாவிட்டால் எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கிறது என்று பொருள்.

வயர் நுனியை 8, 10 மில்லிமீட்டர் உரித்தால் போதும். பிரிகளை முறுக்கி ஸ்க்ரூவுக்குள் முழுதாக விட வேண்டும், ஒரு பிரிகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு வயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஜாயிண்ட் போட வேண்டி வந்தால் பாக்ஸுக்குள் கனெக்டர் வைத்துப் போடுங்கள், பைப்புக்குள் ஒருபோதும் வேண்டாம். வெறும் டேப் சுற்றிய ஜாயிண்ட், மொட்டை மாடிச் சூட்டில் இரண்டு கோடையில் பசை இளகிக் கழன்றுவிடும். எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்.சி.பி. காப்பது வயரை, ஆளைக் காப்பது இதுதான்.

சுவருக்குள் புது லைன் இழுக்க வேண்டுமென்றால் தகுதிச் சான்று உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மேலே சொன்னதெல்லாம் தெரிந்திருந்தால், "தெர்மோஸ்டாட் ஃபேஸில், பழைய சுவிட்ச்சுக்கு அப்புறம், நியூட்ரல் நேராக" என்று நீங்களே சொல்லி வேலை வாங்கலாம்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்க, சென்சாரை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். எண் மெதுவாக ஏறும். கோடையில் அறையே உள்ளங்கைச் சூட்டில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் டம்ளரில் நுனியை முக்கலாம், அது சீல் செய்ததுதான். அளவைத் தாண்டியதும் "டக்", ஃபேன் சுற்றும். இறக்கை சுற்றாமல் "ம்ம்ம்" என்று முனகினால் வயரிங்கைப் பிரிக்க வேண்டாம். ரெகுலேட்டரைக் குறைத்து வைத்திருப்பீர்கள், அல்லது மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கும். காற்று வெளியே போகாமல் உள்ளே வந்தால், ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை, ஏ.சி. மோட்டாரின் திசை அதனால் மாறாது. பெரும்பாலும் ஃபேனைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். ரிமோட் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் (எலக்ட்ரானிக் சர்க்யூட்டில் ஓடும் மோட்டார் உள்ளது) என்றால், கரண்ட் போய் வந்ததும் பழைய வேகத்தில் தானாகக் கிளம்புகிறதா, ரிமோட்டுக்காகக் காத்திருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் ரகத்துக்குத் தெர்மோஸ்டாட் உதவாது.

அப்புறம், தானாக ஓடும் ஃபேன் என்பதால் அது நிற்பதும் ஓய்வு இல்லை, 33.9 டிகிரியில் காத்திருக்கிறது என்று அர்த்தம். தூசி துடைக்க ஏறும்போது சுவரிலுள்ள சுவிட்ச்சை ஆஃப் செய்யாமல் இறக்கைக்குள் விரலை விடக் கூடாது. வீட்டில் வேலை செய்ய வருபவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். சுவிட்ச் பக்கத்திலேயே "இது தானாக ஓடும்" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.